மூன்று மாதப் படிப்பும் ஒரு வருடக் காத்திருப்பும்: மலையகத்திலிருந்து மென்பொருள் துறைக்கு

ஹட்டன் டவுனில் நின்று பேஸ்புக்கைத் திறந்தால் இப்போதெல்லாம் இரண்டு விளம்பரம் கட்டாயம் கண்ணில் படும். ஒன்று வெளிநாட்டு வேலை. மற்றது கோடிங் கோர்ஸ். 'டிகிரி தேவையில்லை, ஆறே மாதத்தில் சொப்ட்வெயார் டெவலப்பர்' என்று ஒரு வரி, லெப்டொப்போடு சிரிக்கும் ஒரு பிள்ளையின் படம். கொழும்பில் துணிக்கடையில் நிற்கும் தம்பியும், தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் டீச்சரும், நுவரெலியா ஹோட்டலில் வரவேற்பு மேசையில் இருக்கும் தங்கச்சியும் அதைப் பார்த்து ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: இருக்கிற வேலையை விட்டுவிட்டு இதற்குப் போகலாமா?

விளம்பரம் முழுப் பொய் இல்லை. டிகிரி இல்லாமல் டெவலப்பர் ஆனவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள், இங்கேயும் இருக்கிறார்கள். ஆறு மாதத்தில் ஓரளவு நல்ல வெப்சைட் ஒன்றைக் கட்டப் பழகுவதும் நடக்கக்கூடிய காரியம்தான். விளம்பரம் சொல்லாமல் விடுவது அதற்கு அடுத்த பகுதியை: படித்து முடித்த நாளிலிருந்து முதல் சம்பளம் வரும் நாள் வரையான காலத்தை. இப்படிச் சில மாதத்தில் கோடிங் படிப்பிக்கும் கோர்ஸைத்தான் பூட்கேம்ப் என்பார்கள். அது பிறந்த நாட்டில் அந்தக் காலத்தைத் தாங்க ஆட்களிடம் ஏதோ ஒரு பிடிமானம் இருந்தது. மலையகத்தில் அதை யார் தாங்குவது என்பதை முதலில் கணக்குப் பார்க்க வேண்டும். எதைப் படிப்பது, ரியாக்ட்டா பைத்தானா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

யாருக்காகத் தைத்த சட்டை

பூட்கேம்ப் முறை அமெரிக்காவில் 2011, 2012 வாக்கில் தொடங்கியது. சான் பிரான்சிஸ்கோவில் டெவ் பூட்கேம்ப், ஹேக் ரியாக்டர், ஆப் அகாடமி. நியூயோர்க்கில் ஜெனரல் அசெம்பிளி, ஃபிளாட்அயர்ன் ஸ்கூல். ஸ்மார்ட்போன் பரவி, சின்னக் கம்பனிக்கும் ஓர் ஆப் வேண்டும் என்றிருந்த காலம் அது. பல்கலைக்கழகங்கள் நான்கு வருடம் எடுத்து அனுப்பும் ஆட்கள் போதவில்லை. கணினிப் பட்டத்தில் வெப் வேலைக்கு உடனே தேவைப்படாத கணிதத்தையும் கோட்பாட்டையும் கழித்துவிட்டு, மிச்சத்தைப் பன்னிரண்டு வாரத்தில், காலையிலிருந்து இரவு வரை உட்காரவைத்துப் படிப்பித்தால் என்ன என்று சிலர் யோசித்தார்கள். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், அப்புறம் ஒரு டேட்டாபேஸ், கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட், கடைசியில் ஒரு குழு புரொஜெக்ட். இன்றைக்குக் கொழும்பில் நடக்கும் கோர்ஸின் பாடத்திட்டமும் ஏறக்குறைய இதுவேதான். அன்றைய ரூபி போய் ரியாக்ட்டும் நோடும் வந்திருக்கின்றன, அவ்வளவு.

அங்கே போய்ச் சேர்ந்தவர்களில் பெரும்பாலானோர் வேறு ஏதோ துறையில் ஏற்கெனவே டிகிரி எடுத்தவர்கள். வரலாறு படித்தவர், இசை படித்தவர், மார்க்கெட்டிங்கில் சில வருடம் வேலை செய்தவர். கையில் கொஞ்சம் சேமிப்பு இருந்தது. ஆங்கிலம் வீட்டு மொழி. வேலை தரும் கம்பனி அதே நகரத்தில், பஸ்ஸில் போகும் தூரத்தில். அவர்களிடம் இல்லாதது கோடிங் மட்டும்தான். பன்னிரண்டு வாரம் அந்த ஒரு குறையை நிரப்பியது. மற்ற எல்லாம் ஏற்கெனவே இருந்ததால்தான் பன்னிரண்டு வாரம் போதுமாக இருந்தது.

கட்டணம் பத்தாயிரம் டொலரைச் சாதாரணமாகத் தாண்டும். அதைக் கட்ட முடியாதவர்களுக்காக ஒரு புது ஏற்பாடு வந்தது. 2017 இல் தொடங்கிய லாம்டா ஸ்கூல் அதைப் பிரபலமாக்கியது: முன்பணம் வேண்டாம், வேலை கிடைத்து வருடத்துக்கு 50,000 டொலருக்கு மேல் உழைக்கத் தொடங்கினால் இரண்டு வருடத்துக்குச் சம்பளத்தில் 17 சதவீதம் கொடுங்கள், ஆகக்கூடியது 30,000 டொலர். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பள்ளிக்கூடமும் மாணவரும் ஒரே படகில் என்று பத்திரிகைகளும் புகழ்ந்தன. பிறகு அந்தப் பள்ளி புளூம் இன்ஸ்டிடியூட் ஒஃப் டெக்னாலஜி என்று பெயரை மாற்றியது. 2024 ஏப்ரலில் அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகம் அதன்மேல் நடவடிக்கை எடுத்தது. விளம்பரத்தில் 71 முதல் 86 சதவீதம் பேருக்கு வேலை கிடைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். உள்ளே இருந்த கணக்கில் அது 50 சதவீதத்துக்குக் கிட்ட, சில தொகுதிகளில் 30 வரை இறங்கியிருந்தது. கடனே இல்லை என்று சொல்லி விற்ற ஒப்பந்தம் உண்மையில் கடன்தான், அதில் சராசரியாக 4,000 டொலர் அளவு நிதிக் கட்டணமும் ஒளிந்திருந்தது என்றது பணியகம். நுகர்வோருக்குக் கடன் கொடுக்க அந்த நிறுவனத்துக்கு நிரந்தரத் தடை விழுந்தது.

இந்த 'வேலை கிடைத்தவர் வீதம்' எப்படி ஊதப்படுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது இலங்கையில் ஒரு கோர்ஸைப் பார்க்கும்போதும் உதவும். நூறு பேர் சேர்கிறார்கள் என்று வையுங்கள். முப்பது பேர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். அவர்கள் கணக்கில் இல்லை. முடித்த எழுபதில் இருபது பேர் 'தீவிரமாக வேலை தேடவில்லை' என்று கழிக்கப்படுகிறார்கள். மிஞ்சியது ஐம்பது. அதில் நாற்பது பேருக்கு வேலை என்றால் 80 சதவீதம். அந்த நாற்பதிலும் ஐந்து பேர் அதே நிறுவனத்தில் அடுத்த தொகுதிக்கு உதவி ஆசிரியர், இன்னும் சிலர் பழைய வேலைக்கே திரும்பியவர்கள். எண் தப்பில்லை. எதை எதனால் வகுத்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பெரிய பெயர்களும் நிலைக்கவில்லை. முன்னோடியான டெவ் பூட்கேம்ப் 2017 இல் கதவை மூடியது. பல்கலைக்கழகப் பெயர்களில் பூட்கேம்ப் நடத்திய டிரிலொஜியை 2019 இல் 75 கோடி டொலருக்கு வாங்கிய டூயூ நிறுவனம், 2024 டிசம்பரில் பூட்கேம்ப்களையே நிறுத்துவதாக அறிவித்தது. இடையில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2022 நவம்பரில் பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா ஒரே அடியாக 11,000 பேரை வேலையை விட்டு அனுப்பியது. அதே மாதம் சாட்ஜிபிடி வெளியானது. அனுபவமுள்ளவர்களே வேலை தேடி வரிசையில் நிற்க, புதியவர்களுக்கு முன்பெல்லாம் பழகக் கொடுக்கும் சின்னச் சின்ன வேலைகளை இயந்திரம் செய்யத் தொடங்கியது. ஒரு லொகின் பக்கம் கட்டுவது, ஒரு படிவத்தைச் சரிபார்ப்பது என்று பன்னிரண்டு வாரத்தில் பழகும் வேலைகள்தான் முதலில் அடிவாங்கின.

இங்கே வாசல் எங்கே இருக்கிறது

இலங்கையில் மென்பொருள் வேலை பெரும்பாலும் கொழும்பும் அதன் சுற்றுவட்டமும்தான். தெமட்டகொடை ஒரியன் சிட்டி, மருதானை டிரேஸ் எக்ஸ்பர்ட் சிட்டி, கொள்ளுப்பிட்டி, நாவல. டபிள்யூஎஸ்ஓ2, விர்ட்டுசா, ஐஎஃப்எஸ், 99எக்ஸ், சிஸ்கோ லேப்ஸ் என்று பெயர் சொல்லக்கூடிய கம்பனிகள் எல்லாம் அங்கேயே.

இந்தக் கம்பனிகளின் முதல் படியில் யார் ஏறுகிறார்கள் என்பதில்தான் பூட்கேம்ப் முடித்தவருக்குச் சிக்கல். மொறட்டுவை, கொழும்புப் பல்கலைக்கழகங்கள், எஸ்எல்ஐஐடி என்ற தனியார் உயர்கல்வி நிறுவனம் என்று எல்லா இடத்திலும் கணினி மாணவர்களுக்குத் தொழிற்பயிற்சி பாடத்திட்டத்தின் பகுதி. மாதக்கணக்கில் ஒரு கம்பனியில் இன்டர்னாக இருக்க வேண்டும். கம்பனிக்கும் அது வசதி: குறைந்த கொடுப்பனவில் ஆள் கிடைக்கிறார், பிடித்தால் பட்டம் முடிந்ததும் எடுத்துக்கொள்ளலாம். ஆக, வெளியில் விளம்பரம் வருவதற்கு முன்னாலேயே முதல் படியின் பெரும்பகுதி நிரம்பிவிடுகிறது. பூட்கேம்ப் சான்றிதழோடு வருபவர் போட்டியிடுவது மிச்சம் இருக்கும் இடத்துக்கு. 'டிகிரி தேவையில்லை' என்பது வேலை செய்ய உண்மை. உள்ளே நுழைய அது பாதி உண்மைதான்.

மலையகத்தில் இந்தக் கோர்ஸ்களுக்கு இவ்வளவு ஈர்ப்பு இருப்பதற்கும் காரணம் இருக்கிறது. நுவரெலியாவும் பதுளையும் பல்கலைக்கழக அனுமதியில் கல்வி வசதி குறைந்த மாவட்டங்கள் என்று ஒதுக்கீடு பெறுபவை. தோட்டப்புறப் பாடசாலைகள் பலவற்றில் உயர்தரத்தில் கணிதப் பிரிவே இல்லை. கலைப்பிரிவுதான் கையில் கிடைத்த ஒரே பிரிவு. 2013 இல் தொழில்நுட்பப் பிரிவு வந்த பிறகு நிலைமை கொஞ்சம் மாறியது என்றாலும் ஆசிரியர் இல்லாத இடத்தில் பிரிவு இருந்து என்ன செய்ய? பதினாறு வயதில் பூட்டிய கதவை இருபத்தாறு வயதில் திறந்து தருகிறேன் என்று ஒருவர் வந்தால் யாரும் நின்று கேட்கத்தான் செய்வார்கள். அந்த ஆசையில் ஒரு பிழையும் இல்லை.

காசுக் கணக்கு

2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. ஒரு நாள் வேலையைத் தோட்டத்தில் ஒரு 'பேர்' என்பார்கள். மாதம் 25 பேர் விழுந்தால் 33,750. ஈபிஎஃப் 8 சதவீதம் கழித்தால் 31,050. அமெரிக்க பூட்கேம்பின் பத்தாயிரம் டொலரை, டொலர் 300 ரூபா என்று போட்டால், முப்பது இலட்சம். ஒரு சதமும் செலவழிக்காமல் எட்டு வருடம் கொழுந்து எடுத்த காசு. அதற்குப் பிறகு கூடிய சம்பளத்தைப் போட்டால் ஓரிரு வருடம் குறையலாம். ஆகவே அந்த முறையை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது.

நம் ஊர்க் கோர்ஸ்கள் அவ்வளவு விலை இல்லை. இலவசமாகவே படிக்கவும் முடியும், அதற்கு வருகிறேன். ஆனால் கட்டணம் இந்த விஷயத்தில் சின்னச் செலவு. பெரிய செலவு, வேலையை விட்ட நாளிலிருந்து ஓடத் தொடங்கும் மீட்டர். கொழும்பில் போர்டிங் காசு, சாப்பாடு, டேட்டா, லெப்டொப் தவணை. 2022 இல் ரூபா விழுந்தபோது ஏறிய லெப்டொப் விலை பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லை. இவை கண்ணுக்குத் தெரியும் செலவுகள். தெரியாதது, வீட்டுக்கு அனுப்பும் காசு நிற்பது. கொழும்பிலிருந்து மகன் மாதாமாதம் அனுப்பும் பத்தோ பதினைந்தோ ஆயிரத்தில்தான் சீட்டுக் காசும், தங்கச்சியின் டியூஷனும், அடகுக் கடை வட்டியும் ஓடிக்கொண்டிருக்கும். அது ஆறு மாதம் நின்றால் அம்மாவின் தோடு அடகுக்குப் போகும். ஒரு வருடம் நின்றால் அது மூழ்கிப்போகும். இந்தக் கணக்கை எந்தக் கோர்ஸ் விளம்பரமும் போடாது. வீட்டில் உட்கார்ந்து நாமே போட வேண்டும். படிப்புக்கு ஆறு மாதம் என்றால் தேடலுக்கு இன்னொரு வருடம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்பதுதான் பாதுகாப்பு. அதற்கு முன்பே வேலை கிடைத்தால் நல்லதுதானே.

பெண் பிள்ளைகளுக்கு இந்த மீட்டர் இன்னும் வேகமாக ஓடுகிறது. தனியாகக் கொழும்பில் போர்டிங் என்றால் வீட்டில் ஒரு பேச்சு, வெளிநாட்டு வாடிக்கையாளரோடு இரவு கோல் என்றால் இன்னொரு பேச்சு, வேலையும் இல்லாமல் ஒரு வருடம் என்றால் மாப்பிள்ளைப் பேச்சு. திறமை ஒன்றாக இருந்தாலும் கையில் இருக்கும் காலம் ஒன்றாக இல்லை.

வேலையை விடாமல் படிப்பது

இதனால்தான் நான் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்வது: முதல் ஆறு மாதத்துக்கு வேலையை விடாதீர்கள், காசும் கட்டாதீர்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகம் தன் திறந்த கற்றல் தளத்தில் ஃபுல் ஸ்டாக், அதாவது திரையில் தெரிவது, பின்னால் இயங்குவது இரண்டையும் செய்யும் டெவலப்பருக்கான பயிற்சித் தொடரை இலவசமாகவே நடத்துகிறது. 2014 இல் தொடங்கிய ஃப்ரீகோட்கேம்ப், ஹார்வர்டின் சிஎஸ்50, தி ஓடின் புரொஜெக்ட் எல்லாமே காசில்லாமல் படிக்கக்கூடியவை. தமிழில் வேண்டுமானால் சென்னையின் குவி தளமும் தமிழ்நாட்டு யூடியூப் பாடங்களும் இருக்கின்றன. கணியம் அறக்கட்டளை தமிழில் கணினி மின்னூல்களை இலவசமாக வெளியிடுகிறது. காசு கட்டிச் சேரும் கோர்ஸில் வேறென்ன கிடைக்கிறது என்றால் ஒழுங்கு: நேரத்துக்கு வகுப்பு, கேள்வி கேட்க ஓர் ஆள், கூடப் படிக்க நாலு பேர். அது பெறுமதியான விஷயம்தான். ஆனால் ஆறு மாதம் தனியாக ஒரு வாரத்துக்குப் பத்து மணித்தியாலம் ஒதுக்க முடியாதவருக்கு, கட்டணம் கட்டியதால் மட்டும் அது வந்துவிடாது.

சான்றிதழ் வேண்டும் என்பவர்களுக்கு வேறு வழிகளும் உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் பிஐடி வெளிவாரிப் பட்டம் வேலை செய்துகொண்டே எடுக்கக்கூடியது. என்விகியூ எனும் தேசிய தொழிற்தகைமை மட்டங்கள் அரச தொழிற்பயிற்சி நிலையங்கள் வழியாகக் கிடைக்கும். இவை மெதுவானவை, பேஸ்புக்கில் விளம்பரமும் வராது. அதனாலேயே யாரும் இவற்றைப் பெரிதாக எடுப்பதில்லை என்பது என் சந்தேகம்.

ஆங்கிலத்தைப் பற்றி ஒரு விஷயம். 'இங்கிலீஷ் சரளமாகப் பேச வராது, அதனால் எனக்கு இது சரிவராது' என்று நிறையப் பேர் தாங்களே ஒதுங்கிவிடுகிறார்கள். முதலில் வேண்டியது பேச்சு இல்லை, வாசிப்பு. ஜாவாஸ்கிரிப்டில் படிக்கும் எவரும் முதல் வாரத்திலேயே சந்திக்கும் ஒரு பிழைச்செய்தி இருக்கிறது: 'அன்டிஃபைன்ட்' ஆன ஒன்றின் உள்ளே 'நேம்' என்பதை வாசிக்க முடியவில்லை என்று சிவப்பில் வரும். பயந்தவர் பக்கத்தை மூடுகிறார் அல்லது அப்படியே சாட்ஜிபிடியில் ஒட்டுகிறார். நிதானமாக வாசிப்பவருக்கு அதிலேயே விடை இருக்கிறது: பெயரில் பிரச்சினை இல்லை, பெயரை வைத்திருக்க வேண்டிய ஆளே வந்து சேரவில்லை; டேட்டா வருவதற்கு முன் திரையில் காட்டப் பார்த்திருக்கிறோம். கீழே வரி எண்ணும் இருக்கும். இந்த மாதிரிச் செய்திகளில் புழங்கும் ஆங்கிலச் சொற்கள் சில நூறுதான். பேச்சு ஆங்கிலம் பின்னால் இன்டர்வியூவுக்கு வேண்டும், இல்லை என்று சொல்லவில்லை. சிங்களம் பேசத் தெரிந்திருப்பது மலையகப் பிள்ளைகளுக்கு ஒரு மேலதிக பலம். கொழும்பு ஆபீஸில் மதியச் சாப்பாட்டு மேசையில் அதன் அருமை தெரியும்.

டு-டூ லிஸ்டை விட்டுவிட்டு கொழுந்து நிறுங்கள்

எல்லா பூட்கேம்பும் கடைசியில் ஒரே புரொஜெக்ட்டைத்தான் செய்யவைக்கின்றன. செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல், ஒரு வானிலை ஆப், ஏதாவது பெரிய கம்பனியின் நகல். நூறு விண்ணப்பத்தில் தொண்ணூறு அதையே காட்டினால் பார்ப்பவருக்கு யார் செய்தது, யார் பிரதி எடுத்தது என்று எப்படித் தெரியும்? மலையகத்தில் பிறந்தவரின் கையில் வேறு யாரிடமும் இல்லாத ஒரு பொருள் இருக்கிறது. மலையில் கொழுந்து நிறுப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பார்க்க ஒன்றுமில்லாத விஷயம்: பெயர், கிலோ, திகதி. ஒரு அட்டவணை போட்டால் முடிந்தது என்று தோன்றும். தொடங்கினால் முதல் நாளே தோட்டத்தின் ஒரே டிவிஷனில் இரண்டு லெட்சுமி இருப்பார்கள். பெயரை அடையாளமாக வைக்க முடியாது. செக்ரோல் நம்பரை, அதாவது தோட்டப் பதிவேட்டில் அவருக்கு இருக்கும் எண்ணை, வைக்க வேண்டும். அந்த நம்பரும் டிவிஷனுக்கு டிவிஷன் மறுபடி வரலாம் என்றால் டிவிஷனையும் சேர்த்துத்தான் ஓர் ஆளை அடையாளம் காண முடியும். டேட்டாபேஸ் பாடத்தில் 'பிரைமரி கீ' என்று ஒரு வகுப்பு முழுக்க விளக்குவது இதைத்தான்.

அடுத்தது கழிவு. சாக்குக்கு, மழை நாளில் தண்ணீருக்கு என்று கிலோ வெட்டுவார்கள். வெட்டியது போக மிஞ்சியதை மட்டும் பதிந்தால் மாதக் கடைசியில் சண்டை வரும்போது காட்ட ஒன்றுமில்லை. தராசு காட்டிய நிறை, வெட்டியது, ஏன் வெட்டினார்கள் மூன்றையும் தனித்தனியாக வைக்க வேண்டும். பதிந்ததைத் திருத்தினால் பழையதும் இருக்க வேண்டும். காலை, பகல், மாலை என்று நாளுக்குப் பல நிறுவை வேறு. எல்லாம் கூட்டி அன்றைய அளவுக்கு வந்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர், கூடினால் மேல்கிலோ காசு. அந்த அளவு தோட்டத்துக்குத் தோட்டம் வேறு, கொழுந்து குறைந்த மாதத்தில் இறங்கும். ஆக, 18 கிலோ என்று கோடில் எழுதிவிட்டால் அடுத்த மாதம் பிழைக்கும். எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை என்ன அளவு என்று அதற்கே ஓர் அட்டவணை வேண்டும். பழைய மாதக் கணக்கை எடுத்தால் பழைய அளவில்தான் காட்ட வேண்டும்.

அப்புறம் சிக்னல். மலை உச்சியில் டயலொக் இருக்கும் இடத்தில் மொபிட்டல் இருக்காது, பள்ளத்தில் இரண்டும் இருக்காது. போனிலேயே பதிந்து வைத்து, ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, இறங்கியதும் அனுப்ப வேண்டும். பாதியில் சிக்னல் போனால் போன் மறுபடி அனுப்பும்; லெட்சுமிக்கு ஒரே பன்னிரண்டு கிலோ இரண்டு தடவை ஏறும். ஒவ்வொரு நிறுவைக்கும் போனிலேயே ஒரு தனி அடையாளம் கொடுத்து, அதே அடையாளம் மறுபடி வந்தால் சர்வர் ஏற்காமல் விட வேண்டும். இதைக் கண்டுபிடித்துத் தீர்த்த ஒருவரிடம் இன்டர்வியூவில் ஒரு மணித்தியாலம் பேசலாம். அவர் எழுதிய கோட் அழகாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஏஐ இதில் கோடை எழுதித் தரும். ஆனால் இரண்டு லெட்சுமி இருப்பதும், மழைக்கு ஏன் வெட்டுகிறார்கள் என்பதும் அதற்குத் தெரியாது. கேட்கத் தெரிந்தவருக்குத்தான் அது உதவும்.

இதே காரணத்தால், முழுத் துறையையும் ஒரேயடியாக மாற்றுவதைவிட இப்போது செய்யும் வேலைக்குப் பக்கத்து வாசலால் நுழைவது சுலபம் என்று நினைக்கிறேன். ஹோட்டல் வரவேற்பு மேசையில் இருப்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஓராக்கிளின் ஒபேரா மாதிரி ஒரு மென்பொருளை நாள் முழுக்கப் பாவிப்பவர். இரவுக் கணக்கு முடிப்பு எப்படி நடக்கும், கணினியில் திகதி எப்போது மாறும், விடிய இரண்டு மணிக்கு வந்து இறங்கும் விருந்தினரை எந்த நாளில் பதிவது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கொழும்பில் சுற்றுலா, ஹோட்டல் துறைகளுக்கு மென்பொருள் செய்யும் கம்பனிகள் இருக்கின்றன. அங்கே சோதனையாளராக, அதாவது கியூஏ வேலைக்கு, கோட் மட்டும் தெரிந்த பட்டதாரியைவிட இவர் கேட்கும் கேள்வி கூர்மையாக இருக்கும். கியூஏவுக்குள் போய், சோதனையைக் கோட் எழுதித் தானாக ஓடவைக்கும் ஆட்டோமேஷன் பழகி, அங்கிருந்து டெவலப்பர் ஆவது சுற்றுவழிதான். சம்பளம் வாங்கிக்கொண்டே போகும் சுற்றுவழி. வங்கியில், கணக்காளர் ஆபீஸில், தேயிலை ஸ்டோரில் சரக்குக் கணக்குப் பார்ப்பவர்களுக்கும் இப்படி ஒவ்வொரு வாசல் இருக்கிறது. டீச்சர்மாருக்குப் பாடத்தை உடைத்து விளக்கும் பழக்கம் இருக்கிறது. பயனர் கையேடு, பயிற்சி, வாடிக்கையாளர் உதவி எல்லாம் மென்பொருள் கம்பனிக்குள் இருக்கும் வேலைகள்தான்.

ஃப்ரீலான்ஸ் பற்றிச் சுருக்கமாக. 'வீட்டிலிருந்தே டொலர்' என்பது முதல் வேலைக்கு ஏற்ற வழி இல்லை. பழகியவருக்கு ஏற்ற வழி. ஃபைவர், அப்வேர்க் மாதிரியான ஃப்ரீலான்ஸ் தளங்கள் எல்லாம் மதிப்புரை இருப்பவருக்கே வேலை தரும். பேபாலில் பணம் பெறும் வசதி இலங்கையில் நெடுங்காலம் இருக்கவில்லை, பலர் பயோனியர் என்ற பணப்பரிமாற்றச் சேவை வழியாகவே எடுக்கிறார்கள். கணக்குத் திறக்க முகவரி ஆதாரம் கேட்பார்கள். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், இருப்பவருக்கு அங்கேயே ஒரு இடறல், கடிதமெல்லாம் தோட்ட ஆபீஸுக்குத்தானே வருகிறது. 2025 ஏப்ரலிலிருந்து வெளிநாட்டுச் சேவை வருமானத்துக்கும் ஆகக்கூடியது 15 சதவீதம் வரி உண்டு, வருடம் 18 இலட்சம் ரூபா வரை விலக்கு. மின்சாரம் இன்னொரு தலைவலி. 2022 மார்ச் கடைசியில் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்து மலையகத்தின் பாதையையும் ரயில் தண்டவாளத்தையும் அறுத்துப்போட்டது. வெளிநாட்டு வாடிக்கையாளர் முதல் தடவை அனுதாபப்படுவார். இரண்டாம் தடவை வேறு ஆள் தேடுவார். செயற்கைக்கோள் இணையச் சேவையான ஸ்டார்லிங்க் 2025 இல் வந்துவிட்டது என்றாலும் லயத்து வருமானத்துக்கு எட்டும் விலையில் இல்லை.

உதவித்தொகை கொடுத்துப் படிப்பித்தால்

கடலுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், நேர்மாறான ஒரு முறை இருக்கிறது. ஸோஹோ என்ற மென்பொருள் நிறுவனம் 2000களின் நடுவிலிருந்து தன் சொந்தப் பயிற்சிப் பள்ளியை நடத்துகிறது. பாடசாலை முடித்த பிள்ளைகளை எடுக்கிறார்கள், கட்டணம் இல்லை, மாதம் உதவித்தொகை கொடுக்கிறார்கள், இரண்டு வருடம் படிப்பிக்கிறார்கள், முடித்தவர்கள் அதே நிறுவனத்துக்குள் போகிறார்கள். தென்காசிப் பக்கம் கிராமத்திலேயே அலுவலகமும் வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு வாரம் எங்கே, இரண்டு வருடம் எங்கே. ஆனால் அந்த இரண்டு வருடத்தில் வீட்டு அடுப்பு அணைவதில்லை, முடித்த பிறகு தெருவில் நின்று தேடவும் வேண்டியதில்லை. காத்திருப்பின் செலவைப் படிப்பவர் தலையில் போடாமல் ஆள் தேவைப்படுபவர் ஏற்கிறார்.

மலையகத்தில் உதவ நினைக்கும் அறக்கட்டளைகளும், வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களும் பெரும்பாலும் கோர்ஸ் கட்டணத்தைக் கட்டவும், கணினிக் கூடம் திறக்கவும்தான் முன்வருகிறார்கள். திறப்பு விழாவில் நாடா வெட்டலாம், படம் எடுக்கலாம். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு வருடப் போர்டிங் காசு கொடுப்பதில் படம் எடுக்க ஒன்றுமில்லை. இருந்தாலும் காசு எங்கே போனால் ஓர் ஆள் உண்மையில் வேலைக்குப் போவார் என்று கேட்டால், நான் போர்டிங்கைத்தான் சொல்வேன்.

அதெல்லாம் வரும்வரை, இப்போது வேலையில் இருப்பவர் கேட்கும் கேள்வி 'எப்போது விடுவது' என்பதாகத்தான் இருக்கும். நியமனக் கடிதம் கையில் வந்த பிறகு. அதில் போட்டிருக்கும் தொகையில் போர்டிங்கும் சாப்பாடும் போக வீட்டுக்கு எவ்வளவு மிஞ்சும் என்று பார்த்த பிறகு. தகுதிகாண் காலம் எத்தனை மாதம், அதற்குள் நிறுத்தினால் எத்தனை நாள் அறிவித்தல் என்றும் அதே கடிதத்தில் இருக்கும். வாசிக்காமல் கையெழுத்துப் போடுபவர்கள்தான் அதிகம். அரச ஆசிரியர்கள் எடுத்த எடுப்பில் இராஜினாமா எழுத வேண்டாம். 2022 நெருக்கடியின்போது அரச ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமில்லா லீவில் போய் வேறு வேலை செய்ய ஒரு சுற்றறிக்கை வந்தது. இந்த விதிகள் அடிக்கடி மாறுபவை. இன்றைக்கு எது நடப்பில் இருக்கிறது, படிப்பிக்கும் பாடத்துக்கு ஆள் குறைவு என்று மறுப்பார்களா என்பதை வலயக் கல்விக் காரியாலயத்தில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதன் பிறகு கொழும்புக்கு பஸ் ஏறலாம்.